மதினியின் குரலை அடக்க நான் செய்த பெட்டி

என் மதினிக்குக் குரல் பெரிது. அண்ணன் மனைவியைப் பற்றி எடுத்த எடுப்பில் இப்படி எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் இதைவிடச் சின்னதாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து பறிக்கிறார். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தோட்டத்தின் இன்னொரு பிரிவான கீழ் டிவிஷனில் வேலையாக நிற்கும் அண்ணன் "இந்தா வர்றேன்" என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். மதினி கூப்பிட்டது ஆட்டை.

நான் பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் போன் பழுது பார்க்கிறேன். முன்னறையில் போன், பின்னறையில் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு சின்ன மிக்ஸர், சுவரெல்லாம் முட்டை அட்டை. அந்த அட்டைகளை நான் கடைகடையாகக் கேட்டு வாங்கி மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்த மாதம் முழுக்கக் கீழ்க்கடை முதலாளி என்னைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "தம்பி, ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா? டாக்டர் முட்ட சாப்பிடச் சொன்னாரா?" என்று கேட்டே விட்டார். அந்த அறையில் நான் பதிவு செய்வதெல்லாம் தீபாவளி மலிவு விற்பனை அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, லொறியில் மீன் விற்கிறவரின் கூவல் இப்படிப்பட்டவைதான். மீன் லொறியில் கூவுவது என் குரல். பசறை ரோட்டில் அது எதிரே வந்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மதினிக்கு ஒரு பாட்டு இருக்கிறது. அவரே கட்டியது. தோட்டத்து மாரியம்மனைக் கூப்பிட்டுக் கும்மி கொட்டுகிற பாட்டு. திருவிழாவில் கரகம் கிளம்பும்போது வருசா வருசம் அவர் நின்று பாடுவார், கூட வேலை செய்கிற பெண்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். இந்த வருசம் ஒரு சிக்கல் வந்தது. அண்ணன் காலில் ஆபரேஷன் நடந்து நல்லபடியாக வீடு திரும்பியதற்காக, மதினி தீச்சட்டி ஏந்துவதாக நேர்ந்துகொண்டார். அந்தக் கோயிலில் தீச்சட்டி கையில் இருக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. அம்மனுக்கு நேர்த்திக்கடனும் தீர்க்க வேண்டும், பாட்டும் பாட வேண்டும், இருப்பதோ ஒரு வாய். கோயில் கமிட்டி ஒரு வழி சொன்னது. பாட்டை ரெக்கார்டிங் செய்து கொண்டுவந்தால் ஹார்ன் ஸ்பீக்கரில் போடுவார்கள். வராவிட்டால் கடையில் வாங்கிய ஏதோ ஒரு பக்திப் பாட்டைப் போட்டுக் கரகத்தைக் கிளப்பிவிடுவார்கள்.

மதினி முதலில் என்னிடம் வரவில்லை. "தம்பிது போன் கடைதானே" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதனால் இரண்டு பேரும் வேறெங்கோ ஒரு ஸ்டூடியோவைத் தேடிப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்த ஆள் இரண்டு வரி கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்து, "அம்மா, ஒங்க கொரலு ரெக்கார்டிங்குக்கு ஆகாது, மிஷின் தாங்காது" என்று அனுப்பிவிட்டார். என் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது மதினியின் குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கிட்டப் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டேன். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் யோசனை போய்விடும்.

"ஆகும் மதினி. நான் ஆக்கிக் காட்டுறேன் பாருங்க" என்றேன். எப்படி என்று தெரியாமலே சொன்னேன்.

அந்த ஞாயிறே பாடச் சொன்னேன். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பதிவுப் பெட்டி இருக்கிறது, அதில் ஒரு சிவப்பு விளக்கு. சத்தம் அளவு மீறினால் எரியும். மதினி "தாயே" என்று மெதுவாகத் தொடங்கினார், விளக்கு சும்மா இருந்தது. மூன்றாவது வரி, அம்மனை மலையிறங்கி வரச் சொல்லும் வரி. விளக்கு எரிந்தது, எரிந்தபடியே நின்றது. போட்டுக் கேட்டால் மெதுவான வரிகள் காதிலேயே விழவில்லை, சத்தமான வரிகள் சாக்கைக் கிழிக்கிற மாதிரி இருந்தன. அளவைக் குறைத்து வைத்தால் தாயைக் காணோம். கூட்டி வைத்தால் பாட்டு கிழிகிறது.

"அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சா பாட்டு கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் மதினி" என்றேன். அவர் அந்த விளக்கை ஒரு பார்வை பார்த்தார். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை நான் கொஞ்சம் கவனித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

இதற்கு மருந்து கம்ப்ரஸர் என்கிற சாதனம். வால்யூம் திருகில் கையை வைத்தபடி ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு உயர்ந்தால் சட்டென்று குறைப்பார், தணிந்தால் விட்டுக்கொடுப்பார். அந்த ஆள் செய்கிற வேலையைத்தான் அந்தப் பெட்டி செய்கிறது. நல்லதாக ஒன்றைக் கடையில் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. இணையத்தில் ஒரு வரைபடம் கிடைத்தது. போன் பழுது பார்க்கிற கைக்குச் சோல்டரிங் புதிதில்லை. இரண்டு வாரத்தில், செத்துப்போன ஒரு டிவிடி பிளேயரின் கூட்டுக்குள் அதைக் கட்டி முடித்தேன். முன்பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை பல்பு, இரண்டு திருகு, ஒரு சுவிட்ச். சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் பாட்டு கம்ப்ரஸருக்குள் புகுந்து வரும். மறுபக்கம் தட்டினால் அதைத் தொடாமல் நேராகப் போய்விடும். வித்தியாசத்தை ஒப்பிட்டுக் கேட்பதற்காக அப்படி ஒரு வசதி. மேலே மார்க்கர் பேனாவால் "உள்ளே" என்றும் "வெளியே" என்றும் எழுதினேன். இந்தச் சுவிட்சைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பெட்டி தயாரான ஞாயிற்றுக்கிழமை மதினி மறுபடி வந்து பாடினார். நான் பெட்டிக்கு நேரே, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். மலையிறங்கும் வரி வந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. இன்னும் நாலு வரி பாடச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவிட்சை உள்ளே வெளியே என்று தட்டித் தட்டிக் கேட்டேன். "வெளியே"யில் மதினி போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவதுபோல மூச்சடைத்துக் கேட்டது. "உள்ளே"க்கு வந்ததும் குரல் பளிச்சென்று திறந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே துள்ளினேன்.

"பாத்தீங்களா மதினி, மிஷினோட வேலைய" என்றேன். மதினி கையெடுத்துக் கும்பிட்டார். என்னை இல்லை, டிவிடி பெட்டியை.

அந்தப் பதிவை அப்படியே கமிட்டியிடம் கொடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். நான் அதை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என்னைப்போலச் சொந்தமாகப் பெட்டி கட்டுகிறவர்களின் குழு அது. பாட்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், உள்ளே மாட்டிய கெப்பாசிட்டர் என்கிற சாமான்கள் சாதாரண ரகம் போலிருக்கிறது, குரலில் லேசாக மணல் தட்டுகிறது என்று எழுதினார். போட்டுக் கேட்டேன். ஆமாம், மணல். அவர் சொல்லும்வரை இல்லாத மணல், சொன்ன பிறகு வரிக்கு வரி கரகரத்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்த நோய்.

கெப்பாசிட்டர்களை மாற்றினேன். கொழும்பில் ஒரு கடைக்காரருக்குச் சொல்லிவிட்டால், பதுளை பஸ்ஸில் கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்தனுப்புவார். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து சம்பந்தி வீட்டாரை வரவேற்பதுபோல வாங்கி வருவேன். கெப்பாசிட்டர் மாறியதும் மணல் போய்விட்டது, ஆனால் குரலுக்குக் கனம் போதவில்லை என்று குழு சொன்னது. ஐ.சி. சிப்பை மாற்றினேன், கனம் வந்தது. திருகுகளை மாற்றினேன், உள்ளே ஓடும் வயரை மாற்றினேன். ஒவ்வொரு ஞாயிறும் மதினியும் அண்ணனும் விடிய பஸ் ஏறி வருவார்கள், மதினி பாடுவார், அண்ணன் மூலையில் சாய்ந்து தூங்குவார். நான் "இன்னும் ஒரே ஒரு சாமான் மாத்தினா போதும் மதினி" என்பேன்.

கீழ்க்கடை முதலாளிதான் எங்கள் நீதிபதி. முதலில் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தவர், ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டதும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐ.சி. மாறிய வாரம், "இப்பதான் தம்பி அம்மனே நேர்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். வயர் மாறிய வாரம் இன்னும் நீண்ட நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "போன வாரம் நின்னது அம்மன் இல்ல தம்பி. இப்ப நிக்கிறதுதான் அம்மன்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிறுதான் அந்தக் கேடுகாலம். பெட்டிக்குள் வரும் மின்சாரத்தைச் சுத்தமாக்குகிற பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை முந்தின நாள் மாற்றியிருந்தேன். அதற்கு பிளஸ், மைனஸ் என்று இரண்டு கால். கால் மாறினால் கொஞ்ச நேரம் சூடேறி வெடிக்கும். நான் மாற்றிப் போட்டிருந்தேன். மதினி அம்மனை மலையிறங்கச் சொன்ன அதே நொடியில் படார் என்றது. வெள்ளைப் புகை கிளம்பியது. மூடாமல் வைத்திருந்த பெட்டியிலிருந்து, கெப்பாசிட்டருக்குள் சுருட்டியிருந்த காகிதம் துணுக்குத் துணுக்காகப் பறந்துபோய் அண்ணன் தலையில் விழுந்தது. அண்ணன் திடுக்கிட்டு எழுந்து, "என்னா, பெரட்டு வச்சாச்சா?" என்று செருப்பைத் தேடினார். ஆபரேஷனுக்குப் பிறகு பெரட்டு என்கிற காலை வேலைக்கூட்டத்துக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கிய பயம் அவருக்கு. முதலாளி துணி அளக்கிற கோலோடு படியேறி ஓடி வந்தார்.

மதினி மட்டும் அசையவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். "தம்பி, என் சத்தத்துக்கா வெடிச்சது?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிசம் முழுசாகக் கிடைத்தது. வாய்வரை வந்தது. ஆனால் வாசலில் முதலாளி நிற்கிறார், அண்ணன் நிற்கிறார். போன் ரிப்பேர்காரனுக்கு பிளஸ் மைனஸ் தெரியவில்லை என்று பஜார் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். "இதவிட பெருசா ஒண்ணு போட்டாத் தாங்கும் மதினி" என்றேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய்.

அண்ணன் திரும்பிப் போகும்போது பஸ்ஸிலேயே கதையைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை பெரட்டில் மதினிக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, பட்டாசு. "பட்டாசு, இன்னைக்கு நீ மேல் மலைக்குப் போ" என்று கங்காணியே கூப்பிட்டிருக்கிறார். மதினி இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த ஞாயிறு பாட வந்தவர் பாதிக் குரலில் பாடினார். ஏன் என்று கேட்டேன். "பாவம் தம்பி, நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டு மாட்டியிருக்கீங்க. திரும்ப வெடிச்சுட்டா?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் பேச வேண்டியதைப் பேசாமல் சோல்டரிங் அயனைக் கையில் எடுத்துக்கொள்கிறவன் நான். அந்த வாரம் இரண்டு சாமான் மாற்றினேன். முன்பக்கத்துப் பச்சை பல்பு வழியாகக்கூட இரைச்சல் வரலாம் என்று குழுவில் ஒருவர் எழுதியதால், அதையும் பிடுங்கிப் போட்டேன். இப்போது பெட்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு. கடைசிச் சாமானாகப் புது டிரான்ஸ்போமர் வந்து சேர்ந்திருந்தது. "இன்னைக்கு இந்த மிஷின் எதையும் தாங்கும் மதினி. கோயில்ல பாடுற மாதிரியே பாடுங்க, பயப்படாதீங்க" என்றேன். மதினி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் பாடினார். முழுக் குரலில், தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சாக. சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. போட்டுக் கேட்டோம். மெதுவான தாயே காதுக்குள் வந்து சொன்னதுபோல் இருந்தது, மலையிறங்கும் வரியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல அம்மன் இல்ல தம்பி" என்றார்.

"டிரான்ஸ்போமர் முதலாளி, டிரான்ஸ்போமர்" என்றேன் நான். "கேட்டீங்களா, கொரலுக்கு ஒரு வெதுவெதுப்பு வந்திருக்கு. மத்த சாமான்ல அது கெடைக்காது."

அப்போது மூலையிலிருந்து அண்ணன் எழுந்தார். "தம்பி, இந்தப் பிளக்கத் திரும்பச் சொருகிரட்டுமா? என் போன்ல சார்ஜ் ஏறிருச்சு."

"எந்தப் பிளக்கு அண்ணே?"

"இந்தா, டிவிடி பெட்டி பிளக்கு. படம் ஒண்ணும் ஓடலியேன்னு கழட்டிட்டுப் போனப் போட்டேன். காலைல வந்ததுலேருந்து கழண்டுதான் கெடக்கு."

முதலாளி ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார். "கடையில ஆளில்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மின்சாரமே இல்லாத பெட்டி எப்படிப் பாட்டை வெதுவெதுப்பாக்கும்? மூடியைத் திறந்து சுவிட்சைப் பார்த்தேன். சோல்டர் செய்தபோது நான் முன்பக்கப் பலகையைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். பின்னாலிருந்து பார்த்தால் இடது வலதாகும், வலது இடதாகும். இரண்டு வயரும் இடம் மாறிக் கிடந்தன. "உள்ளே" என்றால் வெளியே, "வெளியே" என்றால் உள்ளே. பெட்டி தயாரான ஞாயிறு தட்டித் தட்டிக் கேட்ட அந்த நாலு வரியைத் தவிர, இன்றுவரை மதினியின் பாட்டு ஒரே ஒரு நொடிகூட என் கம்ப்ரஸருக்குள் எட்டிப் பார்த்ததில்லை. மணல் போனது, கனம் வந்தது, நின்ற அம்மன் மாறி வேறு அம்மன் வந்தது எல்லாம் எங்கள் காதுகள் செய்த உபகாரம். போர்வைக்குள் பாடிய அந்தச் சத்தம்தான் என் பெட்டியின் சொந்தச் சத்தம்.

அப்படியென்றால் சிவப்பு விளக்கை எரியாமல் பார்த்துக்கொண்டது யார்? "மதினி, இன்னொருக்கா பாடுங்க" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பாடுகிறவரைப் பார்த்து உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. மெதுவான வரிக்கு மதினி மைக்கை ஒட்டி வந்தார், உதடு படாத குறை. மலையிறங்கும் வரி வரப் போகும்போது ஒரு எட்டுப் பின்னால் வைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மொத்தக் குரலையும் பஜாருக்கு அனுப்பினார். வரி முடிந்ததும் திரும்ப மைக்குக்கு வந்தார். கண் மட்டும் பதிவுப் பெட்டியின் விளக்கைவிட்டு நகரவில்லை.

"ஏன் மதினி அந்த எடத்துல மூஞ்சியத் திருப்புறீங்க?"

"திருப்பக்கூடாதா தம்பி?" என்று பயந்துபோய்க் கேட்டார். பிறகு சொன்னார். "மலையில கொழுந்துக்கு நெர புடிச்சு நிக்கிறப்ப கங்காணிக்குக் கொரல் குடுக்கணும்னா, பக்கத்து நெரையில நிக்கிறவ காதுலயா கத்துவோம்? மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கிட்டுத்தான கூப்புடுவோம். அவகிட்ட ரகசியம் பேசணும்னா கிட்டப் போவோம். இந்த மைக்கும் பக்கத்து நெரைக்காரி மாதிரிதான. செவப்பு லைட்டு எரிஞ்சா அதுக்குக் காது வலிக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

வால்யூம் திருகில் கை வைத்திருக்கிற ஆளைப் பெட்டிக்குள் கொண்டுவர நான் பஸ் பஸ்ஸாகச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் என் முதுகுக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருந்திருக்கிறார். "மிஷின் ஒண்ணும் செய்யல மதினி. எல்லாம் நீங்கதான் செஞ்சிருக்கீங்க" என்றேன்.

மதினி கொஞ்ச நேரம் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இத்தன நாளும் என்னத்தத் தம்பி கழட்டிக் கழட்டி மாட்டினீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பதற்கு முகத்தைத் திருப்ப மறந்துவிட்டார், சிவப்பு விளக்கு எரிந்து நின்றது.

சிரித்து முடித்ததும், பையை எடுத்துக்கொண்டே தாழ்ந்த குரலில், "ஆனா அன்னைக்கு வெடிச்சது என் சத்தத்துலதானே?" என்றார். எனக்கு இரண்டாவது நிமிசமும் கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு அவமானம் போதும் என்று தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணன் வேறு அவசரப்படுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை.

திருவிழா அன்று காலையிலேயே நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன். கோயில் மரத்தில் இரண்டு ஹார்ன் கட்டியிருந்தார்கள். ஒன்று லயத்தைப் பார்த்து, ஒன்று பள்ளத்தைத் தாண்டிக் கீழ் டிவிஷனைப் பார்த்து. நம் திருவிழா அவர்களுக்குக் கேட்க வேண்டும், அதில் எந்த டிவிஷனும் விட்டுக்கொடுக்காது. மதினி மஞ்சள் சேலையில், வேப்பிலைக்கு மேல் தீச்சட்டியை ஏந்தி, வாயை இறுக மூடி நின்றார். கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம பட்டாசு கொரலுக்கு டவுன்ல மிஷினே வெடிச்சுப்போச்சு. எல்லாருக்கும் தெரியும்" என்றார். கூட்டம் சிரித்தது. "அப்பேர்ப்பட்ட கொரலையே அடக்குற மாதிரி ஒரு மிஷின் செஞ்சு, நம்ம தோட்டத்துல பொறந்த தம்பி இந்தப் பாட்ட ரெக்கார்டிங் பண்ணிக் கொண்டாந்திருக்கு." எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கை தட்டினார்கள். யாரோ "பட்டாசு, பாத்து, சட்டி வெடிச்சிறப் போகுது" என்றார்கள், இன்னும் பெரிய சிரிப்பு. மதினியால் ஒரு சொல் திருப்பிச் சொல்ல முடியாது, நேர்த்தி. அவர் தலையைக் குனிந்துகொண்டு நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி ரெண்டு வார்த்த பேசும்" என்று தலைவர் மைக்கை என் கையில் கொடுத்தார்.

மூன்றாவது நிமிசம். அம்மன் எதிரே இருக்கிறாள், மதினி நெருப்போடு நிற்கிறார், தோளில் பொன்னாடை கனக்கிறது.

"மிஷின் வெடிச்சது எங்க மதினி கொரலுக்கு இல்லீங்க" என்றேன். "நான் ஒரு சாமானோட கால மாத்திப் போட்டேன். அதான் வெடிச்சது. அவங்க கேட்டப்ப நான் சொல்லாம இருந்துட்டேன், எனக்கு வெக்கமா இருந்துச்சு. மிஷின் அந்தப் பாட்டத் தொடவே இல்லீங்க. சுவிட்சயும் நான் மாத்திப் போட்டிருந்தேன். நீங்க கேக்கப் போறது வெறும் மதினி கொரலு." ஹார்ன் இதையெல்லாம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மலையில் மோதித் திருப்பி அனுப்பியது. மாத்திப் போட்டேன், மாத்திப் போட்டேன் என்று என் குரலே என்னிடம் வந்தது. கீழ் டிவிஷனில் யாரோ விசில் அடித்தார்கள். முதலில் சிரித்தது அண்ணன்தான். பிறகு தோட்டமே சிரித்தது. நான் வெந்துபோய் நின்றேன், ஆனால் அன்று எனக்குச் சோல்டரிங் அயன் தேவைப்படவில்லை.

பாட்டு தொடங்கியது. "தாயே" என்று ஹார்ன் மெதுவாகச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கரகம் கிளம்பியது. மதினி தலையை நிமிர்த்தினார். மலையிறங்கும் வரி வந்தபோது நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மூடியிருந்தது, கையில் நெருப்பு எரிந்தது. பாட்டு அவர் வாயிலிருந்து வரவில்லை என்பதையே மறந்து, பக்கத்தில் நின்றவளின் காதுக்கு வலிக்காமல் இருக்க, முகத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பட்டாசு என்ற பெயர் இப்போது என்னுடையது. மடுல்சீமை பஸ்ஸில் கண்டக்டர்வரை என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். கம்ப்ரஸரின் சுவிட்சைச் சரியாக மாட்டிவிட்டேன். அது இப்போது மீன் லொறி அறிவிப்புக்கு வேலை செய்கிறது, மீன்காரர் ஏன் திடீரென்று தலையணைக்குள்ளிருந்து கத்துகிறார் என்று சனங்கள் கேட்கிறார்கள். பொன்னாடையை அன்றைக்கே மதினியிடம் கொடுத்துவிட்டேன். போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, அவர் மலையில் தேயிலை நிரையில் நின்றார். கூடைக் கயிறு தலையை அழுத்தாமல் இருக்க அந்தப் பொன்னாடையை நாலாக மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்திருந்தார்.

"நல்லா மெத்துன்னு இருக்கு தம்பி" என்றார். "ஒங்க மிஷினவிட இது ஒழுங்கா வேல செய்யுது."